தொடக்குவட்டு: ‘பூட்டபிள்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

பெங்களூரில் அல்சூரில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் பி.யு.சி. முதலாண்டு படிக்கிறான். போன மாதம் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தான். உள்ளே ஒன்றுமில்லை, நீயே போட்டுக்கொள் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவனும் உபுண்டு என்ற லினக்ஸ் இயக்குதளத்தைப் பதிவிறக்கி, வந்த ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து, செருகி, பொத்தானை அழுத்தியிருக்கிறான். கறுப்புத் திரையில் வெள்ளையாய் ஒரே வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். “அண்ணா, பூட் ஆக மாட்டேங்குது.” பின்னாலேயே அவன் ஆயாவும் வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். “பூட்டு ஆவலன்னா நல்லதுதானேப்பா? தொறந்துதானே இருக்கு?” என்றார்.

நியாயமான கேள்வி. தமிழ்க் காதில் ‘பூட்டபிள்’ என்று விழுந்தால் முதலில் பூட்டுதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லோ இயந்திரத்தைத் திறந்து ஓடவிடுவதைச் சொல்கிறது. இப்படிப் பொருள் தலைகீழாகக் கேட்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு புதிதாகக் கற்க வருகிறவருக்கு எதையும் விளக்க முடியாது. தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆங்கிலத்தில் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முழங்கால்வரை வரும் தோல் பூட்ஸின் மேல்விளிம்பில் ஒரு வார் வளையம் தைத்திருப்பார்கள். அதில் விரலை மாட்டி இழுத்தால்தான் கால் உள்ளே இறங்கும். அந்த வளையத்துக்குப் பெயர் பூட்ஸ்ட்ராப். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னையே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. நடக்கவே முடியாத செயலைக் குறிக்க 19-ஆம் நூற்றாண்டில் அதைச் சொன்னார்கள். கணினி வந்தபோது, அந்த நடக்காத செயலைத்தான் அது செய்தாக வேண்டியிருந்தது. மின்சாரம் வந்த நொடியில் நினைவகம் வெறுமை. வட்டிலிருந்தோ அட்டையிலிருந்தோ ஒரு நிரலைப் படித்து உள்ளே ஏற்ற வேண்டும். ஆனால் படித்து ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டுமே! அதை யார் ஏற்றுவது?

நம் வீட்டு அடுப்படியில் இதே சிக்கல் தினமும் இருக்கிறது. பால் தயிராக உறைமோர் வேண்டும். உறைமோரோ தயிரிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கரண்டி எங்கிருந்தாவது கிடைத்துவிட்டால் போதும், ஒரு சட்டிப் பாலும் உறைந்துவிடும். 1952-இல் வந்த ஐபிஎம் 701 கணினியில் அந்தக் கரண்டி ஒரு பொத்தானாக இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ உருளையிலிருந்தோ ஒரே ஒரு ‘சொல்’ (இயந்திரம் ஒரே வீச்சில் கையாளும் அளவுக்கு அப்படிப் பெயர்), 36 பிட், நினைவகத்துக்குள் வரும். அதில் இருக்கும் கட்டளை அடுத்ததைப் படிக்கும், அது அதற்கடுத்ததைப் படிக்கும். சின்னது பெரியதை இழுத்துவரும் இந்த வித்தைக்கு 1950-களிலேயே பூட்ஸ்ட்ராப் என்று பெயர் விழுந்தது. வார் காலப்போக்கில் உதிர்ந்துபோய், வெறும் ‘பூட்’ மட்டும் மிஞ்சியது.

இன்றைய கணினியில் உறைமோர் தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சில்லுக்குள் இருக்கிறது. பழைய முறைக்குப் பயாஸ் என்றும் புதியதற்கு யுஇஎஃப்ஐ என்றும் பெயர். பயாஸ் கண்ணை மூடிக்கொண்டு வன்தட்டின் முதல் 512 பைட்டை எடுத்துப் பார்க்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் குறிப்பிட்ட அடையாளம் இருந்தால் நம்பி ஓடவிடும், இல்லாவிட்டால் அடுத்த கருவிக்குப் போய்விடும். யுஇஎஃப்ஐ கொஞ்சம் படித்தது. அதற்குக் கோப்புறைகளைத் திறந்து பார்க்கத் தெரியும். குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பைத் தேடி எடுத்து ஓட்டும். எந்தக் கருவியிலும் ஒன்றும் அகப்படாவிட்டால்தான் பையன் பார்த்த அந்த வரி.

சரி, அவன்தான் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் போட்டிருந்தானே, அது ஏன் அகப்படவில்லை? இங்கே இன்னொரு சொல்லைப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பை ஆங்கிலத்தில் வட்டின் ‘இமேஜ்’ என்கிறார்கள். தமிழில் படிமம். கோயிலில் ஐம்பொன் படிமம் என்கிறோமே, அதே சொல். ஒன்றின் வடிவை அச்சு மாறாமல் எடுத்து வைத்திருப்பது. 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரத்தின்படி, குறுவட்டின் (சி.டி.) முதல் 16 பகுதிகள், ஒவ்வொன்றும் 2048 பைட், ஆக 32 கேபி, சும்மா விடப்பட்டிருக்கும். பதினேழாவது பகுதியிலிருந்துதான் வட்டின் விவரங்கள் தொடங்கும். படிமத்தில் அந்த வெற்றிடமும் அப்படியே இருக்கும். பென்டிரைவில் போட்டு வைக்கிற படிமம் அலமாரியில் வைத்த அச்சு மாதிரி. உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும், வெளியே இருந்து பார்க்கிற பயாஸுக்கு அது ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். அந்த அச்சைக் கருவியின் முதல் பைட்டிலிருந்து வார்க்க வேண்டும். ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள்கள், லினக்ஸில் டிடி கட்டளை எல்லாம் செய்யும் வேலை இதுதான். (புதிய யுஇஎஃப்ஐ கணினியில், படிமத்தைத் திறந்து உள்ளிருக்கும் கோப்புறைகளை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைத்த பென்டிரைவில் பரப்பிவைத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஒன்று இருந்தால் ஃபேட்32 அதை ஏற்காது.)

அந்தச் சும்மா விட்ட 32 கேபி பற்றி இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. குறுவட்டுக்கென்று செய்த படிமம் பென்டிரைவிலும் ஓட வேண்டும் என்று லினக்ஸ்காரர்கள் யோசித்தபோது, பயாஸ் தேடும் அந்த 512 பைட்டை யாரும் குடியிருக்காத இந்த முன்திண்ணையில் கொண்டுவந்து வைத்தார்கள். குறுவட்டாகப் படித்தால் திண்ணையை யாரும் பார்ப்பதில்லை. பென்டிரைவாகப் படித்தால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். ஒரே படிமம், இரண்டு வாசல்.

குறுவட்டிலிருந்து கணினியைக் கிளப்பும் முறைக்கு வேறொரு தரம் உண்டு. ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995-இல் வெளியிட்டது. பெயர் எல் டொரிட்டோ, ஸ்பானிய மொழியில் ‘சின்னக் காளை’. அமெரிக்காவில் அந்தப் பெயரில் உள்ள ஓர் உணவகத்தின் நினைவாக வைத்தது என்பார்கள். காளை என்றதும் ஆயா நிமிர்ந்தார். “ஏரு பூட்டுறதும் பூட்டுறதுதானே? பூட்டினாத்தானே ஓடும்!”

அந்த இடத்தில் எனக்கு மனசு நின்றுவிட்டது. பூட்டு என்பதற்குக் கதவை அடைப்பது மட்டும் பொருளல்ல. ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி வேலைக்கு ஆயத்தமாக்குவதும் பூட்டுதல்தான். வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறார்கள். சித்திரை பிறந்ததும் நல்ல நாளில் பொன்னேர் பூட்டி அந்த ஆண்டின் உழவைத் தொடங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதன் உறவுச்சொல்லும் தெரியும். நம் பகரம் கன்னடத்தில் ஹகரம் ஆகும். பால் ஹாலு, பூ ஹூவு. அப்படித்தான் ஏர் பூட்டுவது அங்கே ‘ஹூடு’. எதையாவது தொடங்குவதற்கும் அதே வினை, வழக்குப் போடுவதற்கும் அதே வினை. பேருந்தில் போகும்போது பார்க்கிற விளம்பரங்களில் முதலீட்டுக்கு ‘ஹூடிகே’ என்று எழுதியிருப்பதும் இதிலிருந்துதான்.

அப்படியானால் ‘பூட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒரு பக்கம் ஒத்துப்போகிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன். நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏர் தெரியாது, பூட்டும் சாவியும்தான் தெரியும். போதாததற்கு, கையொப்பமிட்ட நிரலைத் தவிர வேறெதையும் ஓடவிடாத ‘செக்யூர் பூட்’ என்ற காவல் வேறு இருக்கிறது. அது உண்மையிலேயே பூட்டு. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் குழப்பம் இன்னும் கூடும்.

இப்போது புழக்கத்தில் இருப்பவை துவக்க வட்டு, தொடக்க வட்டு, துவக்கத்தக்க வட்டு. ‘துவக்கு’ என்றால் இலங்கைத் தமிழருக்குத் துப்பாக்கி. இரு கரைக்கும் பொதுவாக எழுதுகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ‘தொடக்க வட்டு’ கேட்க நன்றாக இருந்தாலும் பல வட்டுகளில் முதலாவது என்றும் பொருள்படும். பழைய நாளில் ஒரு மென்பொருளே நாலைந்து வட்டாக வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ‘துவக்கத்தக்க’ என்பதில் வேறு குறை: வட்டு எதையோ ஏற்றுக்கொண்டு சும்மா இருப்பதுபோல ஒலிக்கிறது. உண்மையில் வேலை செய்வது வட்டுதான்.

இங்கேதான் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாகப் பேசுகிறது. ஆங்கிலத்தில் கணினி ‘பூட்’ ஆவதற்கும் அதே சொல், ஒன்று கணினியை ‘பூட்’ செய்வதற்கும் அதே சொல். நமக்கு இயங்கு வேறு, இயக்கு வேறு; அடங்கு வேறு, அடக்கு வேறு. மெல்லெழுத்து வந்தால் தானே நடப்பது, அது வல்லெழுத்தாக இரட்டித்தால் பிறிதொன்றை நடக்கவைப்பது. தொடங்கு, தொடக்கு என்பதும் அப்படித்தான். இன்று தொடங்கு என்பதையே இரண்டுக்கும் ஆள்கிறோம், செய்தித்தாளிலும் ‘தொடங்கி வைத்தார்’ என்றே வருகிறது. ‘தொடக்கி வைத்தார்’ என்று எழுதினால் வேறுபாடு துலங்கும். கணினி தொடங்குகிறது, வட்டு அதைத் தொடக்குகிறது. (நான் இயங்குதளம் என்று எழுதாமல் இயக்குதளம் என்று எழுதுவதற்கும் இதுவே காரணம். அது இயந்திரத்தை இயக்குகிற தளம்.)

ஆங்கிலத்தின் அந்த ‘ஏபிள்’ ஒட்டுக்கு என்ன செய்வது? ஒட்டே தேவையில்லை. குடிக்கத் தகுந்த நீரை நாம் குடிக்கத்தக்க நீர் என்றா சொல்கிறோம்? குடிநீர். அரிகிற வாள் அரிவாள், கடைகிற கோல் கடைகோல். காலத்தையும் ஒட்டையும் உள்ளே மறைத்துவைத்திருக்கும் வினைத்தொகை, நேற்றுச் செய்தது, இன்று செய்வது, நாளை செய்யக்கூடியது மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஆகவே தொடக்குவட்டு. பென்டிரைவுக்கு விரலி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் அது தொடக்குவிரலி. வட்டுக்குள் இருந்து வேலையைச் செய்கிற அந்தச் சின்ன நிரல் தொடக்கி. செயலி, உலாவி போல.

வட்டு பற்றியும் ஒரு வார்த்தை. ‘டிஸ்க்’குக்காக யாரோ புதிதாகச் செய்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயாவுக்கு அது கருப்பட்டி வட்டு. வள்ளுவருக்கு ஆட்டக்காய்: ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று 401-ஆம் குறளிலேயே இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் அவர் சிலையைக் கடந்துதான் நாங்கள் தினமும் போய்வருகிறோம்.

வட்டில் எழுதுவதை ஆங்கில வழியில் ‘எரித்தல்’ என்பார்கள். ஒருமுறை எழுதும் குறுவட்டில் லேசர் ஒளி சாயப்படலத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது, ஆகவே தவறில்லை. ஆனாலும் கல்லில் பொறித்த மரபு நமக்கு இருக்கும்போது ‘பொறித்தல்’ என்பதே எனக்குப் பிடிக்கும். விரலியில் சூடும் இல்லை சாயமும் இல்லை, எழுதுதல் போதும். சொல்லப்போனால் வட்டில் பொறிக்கும் காலமே ஏறக்குறைய முடிந்துவிட்டது. உபுண்டு 700 எம்பி குறுவட்டில் அடங்கியிருந்த நாளில், கேட்டவர்களுக்கெல்லாம் வட்டுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். 2011-இல் அது நின்றது. 2024-இல் வந்த 24.04 பதிப்பின் படிமம் 5 ஜிபியைத் தாண்டுவதால் 4.7 ஜிபி டிவிடியிலும் கொள்ளாது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவன் பதிவிறக்கியது முழுதாக வந்திருக்கிறதா என்று பார்த்தோம். உபுண்டு தளத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்துச் சரிபார்ப்புத் தொகையும் எங்கள் கணினி கணக்கிட்டதும் ஒன்றாக இருந்தன. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பாதி நிறுவலில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தவிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் விரலியில் இருந்த பழைய படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்தோம், ஏனென்றால் படிமத்தை எழுதினால் முன்பிருந்தது போய்விடும். எழுதி முடிக்கப் பத்து நிமிடம். லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்ட உடனே எஃப்12 விசையைத் தட்டச் சொன்னேன். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவன் லேப்டாப்பில் அதுதான். பட்டியல் வந்தது. அதில் விரலியின் பெயரும் இருந்தது.

அதற்கு முன்பு ஒன்று செய்து பார்த்தேன். விரலியைச் செருகாமல் லேப்டாப்பைப் போட்டு, அந்தப் பழைய வரியைத் திரையில் வரவைத்து, அதன் கீழே ஒரு தாளில் தமிழில் எழுதி ஆயாவிடம் காட்டினேன்: ‘தொடக்கும் கருவி எதுவும் இல்லை’.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “அப்ப தொடக்குறத எடுத்துச் சொருவுடா” என்றார் பேரனிடம்.