‘அக்ரவேட்டிங் ஃபாக்டர்’: தமிழில் மிகுகாரணி

முதுகுவலி ‘அக்ரவேட்’ ஆகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் நமக்குப் புரிந்துவிடும். அதே சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் தமிழில் எழுதக் கை தயங்குகிறது. பிரிட்டனின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் 2023 அப்படித் தயங்க வைத்தது. தீவைப்பு, மிரட்டல் போன்ற வழக்கமான குற்றம்கூட வேறொரு நாட்டின் அரசுக்காகச் செய்யப்பட்டதென்று உறுதியானால், நீதிபதி அதை ‘அக்ரவேட்டிங் ஃபாக்டர்’ ஆக, அதாவது குற்றத்தின் கடுமையைக் கூட்டும் காரணமாகக் கொண்டே தீர வேண்டும். அதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லவும் வேண்டும்.

வேர் லத்தீனில் இருக்கிறது: ‘கிராவிஸ்’, அதாவது கனமான. புவியீர்ப்பைக் குறிக்கும் ‘கிராவிட்டி’யும் அங்கிருந்து வந்ததுதான். சமஸ்கிருத ‘குரு’ இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அந்தச் சொல்லுக்குக் கனமானது என்றும் பொருள் உண்டு. குருவுக்கு எதிர்ச்சொல்லான ‘லகு’தான் நம் வாயில் ‘இலகு’ ஆயிற்று.

ஆக, பாரம் ஏற்றுவது என்பதே அடிப்படைப் பொருள். சரி, பாரம் எதன்மேல் ஏறுகிறது? தண்டனையின்மேல். அதுவும் அந்தக் குற்றத்துக்கு ஏற்கெனவே உள்ள உச்சவரம்புக்குள்தான். 10 ஆண்டு உச்சம் என்றால் 11-வது ஆண்டு கிடையாது. ‘கடுமைப்படுத்தும் சூழ்நிலை’ என்பது பிழையில்லை, ஆனால் நீளம். ‘மிகுகாரணி’ போதும் என்பேன். தண்டனையைக் குறைக்கும் ‘மிட்டிகேட்டிங் ஃபாக்டர்’ தணிகாரணி ஆகிவிடும். மரண தண்டனை வழக்குகளில் இவ்விரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் சொன்னது. நமக்கும் இந்த ஜோடி தேவைப்படுகிறது.

ஒரு வழுக்கல் உண்டு. 2024 மார்ச்சில் கிழக்கு லண்டனின் லேட்டன் பகுதியில், உக்ரைனுக்கு அனுப்பும் பொருட்கள் இருந்த கிடங்குக்குத் தீ வைத்தார்கள். ரஷ்யாவின் வாக்னர் என்ற கூலிப்படைக் குழுவுக்காக டெலிகிராம் வழியாக நடந்த ஏற்பாடு அது. முக்கியக் குற்றவாளிக்கு 2025 ஜூலையில் 17 ஆண்டு சிறை. அந்த வழக்கில் வந்த ‘அக்ரவேட்டட் ஆர்சன்’ மிகுகாரணி அல்ல. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் தீவைப்பு என்ற தனிக் குற்றம். ‘மோசமாக்கப்பட்ட தீவைப்பு’ என்று மொழிபெயர்த்தால், ஏதோ நன்றாக வைத்த தீயைக் கெடுத்துவிட்டார்கள் போலிருக்கும்!

அப்புறம் அந்த 2023 சட்டத்தில் வரும் ‘ஃபாரின் பவர்’. அதை ‘அந்நிய சக்தி’ என்று எழுதாதீர்கள், மேடைப் பேச்சு வாடை அடிக்கும். சட்டத்தில் அதற்குப் பொருள் இன்னொரு நாட்டின் அரசு, அதன் துறைகள், அங்கே ஆளும் கட்சி ஆகியவை. ‘அயலரசு’ பொருந்துகிறது. அதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்திருந்தாலும் சரி, தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தாலும் சரி, சட்டம் விடாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘அயலரசுத் தொடர்பை மிகுகாரணியாகக் கொண்டு தண்டனை விதிக்கப்பட்டது.’