மேக் ஓஎஸ் ஏன் தனியாக விற்பனைக்கு வருவதில்லை?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு என்று கடை கடையாக வாங்கி, நம் விருப்பப்படி ஒரு கணினியைக் கோத்துக்கொள்ளலாம். அதில் விண்டோஸ் ஓடும், லினக்ஸும் ஓடும். ஆப்பிளின் மேக் கணினிகளில் ஓடும் இயங்குதளமான மேக் ஓஎஸ் மட்டும் ஏன் கூடாது என்று அல்சூர்ப் பக்கத்துத் தமிழ் மாணவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மடிக்கணினியின் மூடியைச் சாத்தும் நொடியை எடுத்துக்கொள்வோம். வைஃபை சிப், திரை, தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, யுஎஸ்பி என ஒவ்வொன்றையும் இயங்குதளம் உறங்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் தன் நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு அடங்க வேண்டும்; திறந்ததும் வரிசை தவறாமல் எழ வேண்டும். இதை நடத்திவைப்பவை டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள்கள். அவற்றில் ஒன்று பிசகினாலும் திரை இருண்டே கிடக்கும், அல்லது பைக்குள் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துவிடும். மதர்போர்டு, வைஃபை சிப், கிராஃபிக்ஸ் கார்டு மூன்றிலும் பத்துப் பத்து வகை இருந்தாலே ஆயிரம் சேர்க்கைகள் ஆகிவிடும். ஆப்பிளோ தன் சொந்த மாடல்களை மட்டும் சோதித்தால் போதும்.

இது உண்மையான காரணம்தான். ஆனால் வேர் பணத்தில் இருக்கிறது என்பேன். 1995-இல் பவர் கம்ப்யூட்டிங் போன்ற நிறுவனங்களுக்கு, மேக் இயங்குதளம் ஓடும் கணினிகளைச் செய்து விற்க ஆப்பிள் உரிமம் கொடுத்துப் பார்த்தது. அவை விண்டோஸ்காரர்களை இழுத்து வரவில்லை. ஆப்பிளின் வாடிக்கையாளர்களையே மலிவு விலையில் கவர்ந்துகொண்டன. முழுக் கணினியை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு உரிமக் கட்டணம் எப்படி ஈடாகும்? 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும், பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் உரிமத்தைச் சுமார் 10 கோடி டாலர் பங்குகள் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

2006-இல் மேக் கணினிகள் இன்டெல் சிப்புக்கு மாறின. கடையில் கிடைக்கும் கணினிக்கும் மேக்குக்கும் இடையே மென்பொருள் பூட்டும் உரிம ஒப்பந்தமும்தான் மிஞ்சின. ஆர்வலர்கள் பூட்டைத் திறந்தார்கள். சைஸ்டார் என்ற நிறுவனம் அப்படிச் செய்த கணினிகளை 2008-இல் விற்கவே தொடங்கியது. மறு ஆண்டே நீதிமன்றத்தில் தோற்றது. 2020-இல் வந்த ஆப்பிளின் சொந்த எம்1 சிப்போடு கதை மாறியது. இயங்குதளமும் செயலியும் இப்போது ஒரே வீட்டில் வடிவமைக்கப்படுகின்றன. அந்தச் செயலி கடையில் தனியாகக் கிடைக்காது.

இதனால் பேட்டரி நெடுநேரம் நிற்கிறது, மறுக்க மாட்டேன். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். புதிய கணினியை விற்கும் நிறுவனமே பழையதன் ஆயுளையும் முடிவு செய்கிறது. 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. 2019-இல் பெரும் விலை கொடுத்து வாங்கிய மேக் ப்ரோ எவ்வளவு திடமாக ஓடினாலும், அடுத்த மேக் ஓஎஸ் அதற்குக் கிடையாது.