பெர்மிட் காணி: எந்தக் கதவைத் தட்டுவது?

இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில், அதாவது மாகாண சபைகளின் அதிகாரப் பட்டியலில், போட்டது. அரச காணி குடியரசுக்கே உரியது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. 2013இல் உயர் நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. சட்டக்கதை இவ்வளவு போதும்.

திருகோணமலைக் கரையோரக் கிராமத்து அம்மா ஒருவர், இறந்துபோன கணவரின் அரச காணிப் பெர்மிட்டைச் சொப்பின் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். மடிப்புக் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பிரதேச செயலகத்தில் "வன இலாகாவைக் கேளுங்கள்" என்றார்களாம். அங்கே போனால் "பிரதேச செயலாளரின் கடிதம் வேண்டும்". மாகாணக் காணி அலுவலகத்தில் "அவர்கள் விடுவித்தால்தான் எங்கள் வேலை". ஐந்து தடவை பஸ் ஏறியிருக்கிறார். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

முதலில் பெர்மிட்டைப் பாருங்கள். வருடாந்த அனுமதிப்பத்திரம் என்றால் அது அந்த வருடத்துக்குத்தான், பிள்ளைக்குப் போகாது. பலர் இதை உறுதிப் பத்திரம்போல் பூட்டி வைத்திருக்கிறார்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பெர்மிட் என்றால் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுபவரை, நியமிக்கலாம். நியமித்தவர் உயிரோடு இருக்கும்போதே அது பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. இறந்த பிறகு துணைவரோ பின்னுரித்தாளரோ ஆறு மாதத்துக்குள் காணியில் இறங்கிவிட வேண்டும். "முப்பத்தொன்று முடியட்டும், ஆண்டுத் திவசம் முடியட்டும்" என்று தவணை போட்டால் உரிமை கைவிட்டுப் போகும்.

அடுத்தது, காணி யார் பிடியில் என்பது. வர்த்தமானியில் காடு என்றோ தொல்லியல் இடம் என்றோ வந்துவிட்டால் மாகாணக் காணி ஆணையாளரால் விடுவிக்க முடியாது. அந்தத் திணைக்களங்கள் மத்தியினுடையவை. மகாவலிப் பகுதியும் அப்படித்தான். பிரதேச செயலாளரோ மத்திய அரசின் அதிகாரி, மாகாணத்தின் காணி வேலையையும் அவரே பார்க்கிறார். இரண்டு எசமான் இருப்பதால் தட்டிக்கழிக்க வசதி.

மாகாண சபை உறுப்பினரைப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது, அதன்பின் தேர்தலே இல்லை. இருப்பவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்.

சரி, என்ன செய்வது? வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, "இக்காணி எந்தத் திணைக்களத்தின் கீழ் உள்ளது, எந்த வர்த்தமானி இலக்கப்படி?" என்று தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். பதில் எழுத்தில் வந்தால், அடுத்த கந்தோரில் "எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது.

நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். மூலப் பெர்மிட்டை "வைத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். போட்டோ கொப்பி மட்டும் கொடுங்கள்.