ஸ்டூடன்ட் ட்ரஸ்டி: மாணவர் அறங்காவலரா, சார்பாளரா?

பக்கத்து வீட்டு மாமி ஒரு தாளோடு வந்தார். பதினோராம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி 'ஸ்டூடன்ட் ட்ரஸ்டி' தேர்தலில் நிற்கப் போகிறாளாம். தாளில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் 'மாணவர் அறங்காவலர்' என்று எழுதியிருந்தார்கள். "இது கோயில் தர்மகர்த்தா மாதிரியோ? பிள்ளையிட்ட உண்டியல் திறப்பைக் குடுக்கப் போயினமோ?" என்று கேட்டார். கேள்வியில் பிழையே இல்லை. அறங்காவலர் என்றதும் நம்மவர் மனத்தில் வருவது கோயிலும் கணக்குப் புத்தகமும்தான். ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் இடம் அப்படிப்பட்டதே இல்லை. பள்ளிகளை நடத்தும் கல்விச் சபையில் மாணவர் குரலுக்கென்று வைத்த இருக்கை அது.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். 'ட்ரஸ்ட்' ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நோர்ஸிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே அதற்கு நம்பிக்கை, துணை, காப்பு என்று பொருள். கடைசியில் ஒட்டும் 'ஈ' பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டமொழிக்குள் வந்த விகுதி. ஒரு செயலைச் செய்தவரை விட்டுவிட்டு, அந்தச் செயல் யாருக்குச் செய்யப்பட்டதோ அவரை அது சுட்டும். வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், வேலை கொடுக்கப்பட்டவர் எம்ப்ளாயி. அதே கணக்கில் ட்ரஸ்டி என்றால் 'நம்பப்பட்டவர்'. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பிறருக்காகப் பார்த்துக்கொள் என்று நம்பி ஒப்படைக்கப்பட்டவர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலச் சட்டத்தில் புழங்கும் சொல் இது.

ஒன்ராறியோவில் பள்ளிகளை நடத்தும் கல்விச் சபையின் உறுப்பினர்களுக்கு ட்ரஸ்டி என்ற பெயர் மிகப் பழையது. அப்பர் கனடா என்று அந்த நிலம் அழைக்கப்பட்ட காலத்திலேயே, 1816ஆம் ஆண்டின் பொதுப் பள்ளிச் சட்டம், ஊர்க்காரர்கள் கூடி மூன்று ட்ரஸ்டிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. மரப்பலகை அடித்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம், அதற்கு ஓர் ஆசிரியர், அவரை அமர்த்தவும் நீக்கவும் உரிமையுள்ள மூன்று பேர். அந்த மூவரும் சொல்லின் நேர்ப்பொருளிலேயே நம்பப்பட்டவர்கள்.

மாணவர்கள் இந்த மேசைக்கு வந்தது மிகப் பிந்தி. 1997இல் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு கல்விச் சபையிலும் மாணவர் குரலுக்கு ஓர் இருக்கை கட்டாயமானது. அப்போது அந்த இடத்துக்கு வைத்த பெயரில் ட்ரஸ்டி இல்லை. 'பியூப்பில் ரெப்ரசென்டேட்டிவ்', அதாவது மாணவர் பிரதிநிதி என்றுதான் இருந்தது. 2006இல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டபோதுதான் 'ஸ்டூடன்ட் ட்ரஸ்டி' என்று ஆனது. 2007இல் வந்த ஒழுங்குவிதியின் தலைப்பும் அதுவே.

இந்தப் பெயர்மாற்றத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு இதில் முக்கியமான இடம் இதுதான். 'பியூப்பில்' என்ற சொல்லின் வேரான இலத்தீன் 'பியூப்பில்லுஸ்', தகப்பனை இழந்து ஒரு காப்பாளரின் பொறுப்பில் வளரும் சிறுவனைக் குறித்தது. ட்ரஸ்டி என்பவரோ இன்னொருவரின் நலத்தைக் காக்க அமர்ந்தவர். ஆக, ஒரே பிள்ளை, ஒரே நாற்காலி. சொல் மட்டும் காக்கப்படுபவர் பக்கத்திலிருந்து காப்பவர் பக்கத்துக்குத் தாவிவிட்டது. அதிகாரமும் கூடவே தாவியதா என்று பார்த்தால், பாதிதான் வந்திருக்கிறது.

கல்விச் சட்டத்தின் 55ஆம் பிரிவு தெளிவாகவே பேசுகிறது. ஸ்டூடன்ட் ட்ரஸ்டி கல்விச் சபையின் உறுப்பினர் அல்லர். முடிவைக் கட்டுப்படுத்தும் வாக்கு அவருக்கு இல்லை. தானே தீர்மானம் கொண்டுவர முடியாது. ஒரு தீர்மானத்தைப் பரிந்துரைக்கலாம். உறுப்பினர் யாரும் அதைக் கையில் எடுக்காவிட்டால், இப்படியொரு பரிந்துரை வந்தது என்று குறிப்பேட்டில் பதிவாகும். தனிநபர் விவரங்கள் பேசப்படும் மூடிய கூட்டத்தில் இருக்க முடியாது. முழு ஓராண்டுக்கு மதிப்பூதியம் 2,500 டாலர். ஓராண்டுப் பதவிக்காலம் என்றால் ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை.

இதில் ஒரு காட்சி என் மனத்தில் நிற்கிறது. ஒரு விஷயம் வாக்கெடுப்புக்கு வருகிறது. மாணவர், இதைப் பதிவு வாக்காக, அதாவது யார் எந்தப் பக்கம் என்று எழுதிவைக்கும் வாக்காக எடுக்கவேண்டும் என்று கேட்கிறார். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. உடனே ஒரே கேள்விக்கு இரண்டு வாக்கெடுப்பு நடக்க வேண்டும். ஒன்றில் மாணவரின் வாக்கும் சேரும், ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. மற்றதில் மாணவர் வாக்கு சேராது, அதுதான் முடிவு. அவருடைய கை எத்திசையில் உயர்ந்தது என்பது பொதுப் பதிவேட்டில் என்றைக்கும் இருக்கும். எண்ணிக்கையில் மட்டும் இருக்காது. 16, 17 வயதில் இது சின்ன விஷயமில்லை. முடிவில் பங்கில்லாமலே முடிவைப் பற்றிய பேச்சில் பெயர் அடிபடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

தமிழ்நாட்டு அறநிலையத் துறைச் சொல்லான 'அறங்காவலர்' முதலில் நினைவுக்கு வருகிறது. தர்மகர்த்தா என்ற வடசொல் இருந்த இடத்தில் வந்து அழகாக நிலைத்துவிட்ட சொல் அது. அங்கே அறம் என்பது ஒழுக்கம் என்ற பொருளில் வரவில்லை. அறக்கட்டளை, அதாவது தருமத்துக்கென்று எழுதிவைத்த சொத்து. அதைக் காப்பவர் அறங்காவலர். கல்விச் சபையின் பணம் யாரோ எழுதிவைத்த தருமம் இல்லை, மக்களின் வரி. இருந்தாலும் பெரியவர்களான ட்ரஸ்டிகளுக்குக் கனடாத் தமிழர்களில் பலர் இதையே சொல்லிப் பழகிவிட்டார்கள், அது இருக்கட்டும். வாக்கும் இல்லாமல், நிதிக்குக் கையெழுத்தும் இல்லாமல் இருக்கும் ஒரு மாணவருக்கு அதை மாட்டிவிடுவதுதான் சிக்கல். 'மாணவர் அறங்காவலர்' என்று படிக்கிற பெற்றோர், பள்ளிப் பேருந்து நின்றுபோனதற்கும் இசை வகுப்பு வெட்டப்பட்டதற்கும் அந்தப் பிள்ளையிடம் பதில் கேட்பார்கள். சொல்லே அப்படிக் கேட்கச் சொல்கிறது.

இலங்கைச் சட்டத் தமிழ் ட்ரஸ்ட் என்பதை 'நம்பிக்கைப் பொறுப்பு' என்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்ற பெயரை அங்கே சம்பளம் வாங்கியவர்கள் எல்லாரும் அறிவார்கள். நம்பப்பட்டவர் என்ற மூலப்பொருளுக்கு இவ்வளவு நெருக்கமான தமிழாக்கம் வேறில்லை. ஆனால் 'மாணவர் நம்பிக்கைப் பொறுப்பாளர்' நாக்கில் நிற்காது. 'பொறுப்பாளர்' என்று சுருக்கினால் வேறொரு வாடை வருகிறது. சங்கங்களிலும் அமைப்புகளிலும் பொறுப்பாளர் என்றால் கட்டளையிடும் இடத்தில் இருப்பவர். கட்டளையிட முடியாதவருக்கு அது பொருந்தாது.

'பிரதிநிதி'யைப் பார்ப்போம். பிரதி என்றால் பதில், ஈடு. நிதி என்றதும் பணம் நினைவுக்கு வரும். இங்கே அதன் அடிப்பொருள் 'வைக்கப்பட்டது'. புதையலுக்கு நிதி என்று பெயர் வந்ததும் அது மறைத்து வைக்கப்பட்டதால்தான். ஆக, பிரதிநிதி என்றால் ஒருவருக்கு ஈடாக வைக்கப்பட்டவர். இதற்குத் தமிழில் 'பேராளர்' என்று மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கம் வழங்குகிறது. பெரும்பாலும் மாநாட்டுக்கு வருபவரைச் சொல்ல. என் தேர்வு 'சார்பாளர்'. சார் என்றால் சாய்தல், நெருங்கியிருத்தல். ஒருவர் பக்கம் சாய்ந்து நின்று அவர் சொல்லை எடுத்துச் சொல்பவர். பக்கச்சார்பு என்ற கெட்ட பொருள் ஒட்டுமே என்று சிலர் தயங்குவார்கள். ஒட்டினால் ஒட்டட்டும். வகுப்பறையில் இருப்பவர் பக்கம் சாய்ந்து பேசத்தானே அந்த இருக்கையை வைத்தார்கள்?

ஆனால் இந்த ஒரே சொல்லை எல்லா ஊருக்கும் போட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹோவர்ட் கவுன்டி என்றொரு பகுதி உண்டு. அங்கே கல்விச் சபையில் பெரியவர்கள் ஏழு பேர், மாணவர் ஒருவர். மாணவரின் பெயர் அங்கே 'ஸ்டூடன்ட் மெம்பர்', அதாவது உறுப்பினரே. ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை படிப்பவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிதிநிலை அறிக்கை, பணியாளர் விவகாரம், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளி என்ற எல்லைப் பிரிப்பு போன்றவற்றில் மட்டும் அவருக்கு வாக்கில்லை. மற்றவற்றில் அவர் வாக்கு, வாக்குத்தான்.

2020இன் கடைசி மாதங்களில் அந்த வாக்கு பெரிய சண்டைக்குள் அகப்பட்டது. கொரோனாவால் மூடிய பள்ளிகளை எப்போது திறப்பது என்று பெரியவர்களிடையே இழுபறி. மாணவரின் வாக்கும் சேர்ந்து நாலுக்கு நாலு என்று ஆக, தீர்மானம் நிறைவேறவில்லை. வேலைக்கும் போய், வீட்டில் திரைக்கு முன்னால் பிள்ளைகளையும் உட்காரவைத்துக் களைத்துப்போன பெற்றோரின் கோபம் மாணவர் இருக்கையின் மேல் திரும்பியது. அந்த டிசம்பரிலேயே வழக்கும் வந்தது. 18 வயது ஆகாதவர்கள் தேர்ந்தெடுக்கும், தானும் 18ஐத் தொடாத ஒருவர் பொதுப் பதவியில் வாக்களிப்பது மாநில அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்பது வாதம். 2021இல் கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 ஆகஸ்டில் மாநிலத்தின் உச்ச மன்றமும், சட்டமன்றம் இப்படி ஓர் இருக்கையை உண்டாக்கியது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்தப் பெற்றோரின் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஒரு வாக்கு முடிவைத் தடுக்குமென்றால் அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. வாக்களித்தவருக்கு 17 வயது என்பது அந்தக் கேள்வியை மூடிவிடாது. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் எட்டு வாக்கில் அது ஒன்று. மற்ற மூன்று பெரியவர்களும் அதே பக்கம் நின்றார்கள். சின்னவர் என்பதால் கண்ணில் பட்டது அந்த ஒரு வாக்கு.

'விமர்சனம்' என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதன் வடமொழி வேருக்குத் தொடுதல், தடவிப் பார்த்தல் என்று பொருள். கையில் எடுத்துத் தடவி, எங்கே சொரசொரப்பு என்று அறிவது விமர்சனம். 'கண்டனம்' வேறு; கண்டம் கண்டமாகத் துண்டாக்குதல். அதிலிருந்து வந்த 'கண்டி' என்ற வினையைத் தமிழில் நாம் இரண்டு இடத்தில் புழங்குகிறோம். எதிர்க்கட்சி அரசைக் கண்டிக்கும். அப்பா பிள்ளையைக் கண்டிப்பார். முதலாவதில் கண்டிக்கப்படுபவர் அதிகாரத்தில் இருப்பவர், இரண்டாவதில் அதிகாரமே இல்லாதவர். பதவியில் இருக்கும் ஒரு மாணவரைப் பற்றிப் பொதுவில் பேசும்போது, முதல் வகையில் தொடங்கிய பேச்சு தெரியாமலே இரண்டாம் வகைக்கு நழுவிவிடுகிறது. 'இந்தத் தீர்மானத்தை ஏன் எதிர்த்தாய்' என்பது 'உனக்கென்ன தெரியும்' என்று முடியும். அப்புறம் உடை, பேச்சு, பெற்றோர், எந்தப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக இந்தப் பதவி என்ற ஊகம். இவற்றில் ஒன்றுக்காவது விமர்சனம் என்ற பெயர் தகுமா?

அதிகாரத்தில் இருப்பவரிடம் குறையை நேரே சொல்லத் தமிழில் 'இடித்துரை' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அரசனுக்கே சொல்லத் தகுந்த சொல். ஹோவர்ட் கவுன்டியில் வாக்குள்ள மாணவ உறுப்பினரிடம் இடித்துரைக்கலாம். ஒன்ராறியோவில் இடித்துரைக்க வேண்டியவர்கள் வாக்குள்ள பெரியவர்கள்.

கல்விச் சபை என்று நான் எழுதிவந்ததில் சபை என்பது ஆங்கிலத்தில் 'போர்டு'. அதற்கு இலங்கையில் சபை, தமிழ்நாட்டில் வாரியம். இலங்கையில் மின்சார சபை, தமிழ்நாட்டில் மின்சார வாரியம். வாரியம் என்ற சொல் உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம், பொது ஆண்டு 921 வாக்கில். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பல. உறுப்பினராக 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சபை நடுவில், ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்தச் சபைக்குள் பிள்ளைக்கும் ஓர் இடம் இருந்தது. குடத்துக்குள் கைவிடுவது அவன் வேலை. ஓலையில் யார் பெயர் வந்தது என்பதற்கு அவனை யாரும் பொறுப்பாக்கியிருக்க முடியாது. கணக்குக் கேட்டது வாரியம் செய்தவர்களை.

மாமியின் தாளில் 'அறங்காவலர்' என்பதை அடித்துவிட்டு 'மாணவர் சார்பாளர்' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தவர் உடனே கேட்டார்: "சார்பாளர் எண்டால் அவளுக்கு வோட் இல்லையோ?"

"இல்லை மாமி. பேசலாம், பதியச் சொல்லிக் கேட்கலாம். எண்ணமாட்டினம்."

"அப்ப அவளை ஆரும் பேசினால் இதைச் சொல்லலாம்" என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.