மழலையர் கோரஸா?

'மழலையர் கோரஸ்' என்று இன்னொரு முறை எங்காவது கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடப் போகிறேன். ஆங்கிலத்தின் 'children's chorus'-ஐத் தமிழில் இப்படிப் போடுகிற மொழிபெயர்ப்பாளர் சொல்ல வந்தது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கூட்டாகப் பாடுவதற்கென்றே எழுதப்பட்ட இசையை. போட்டது இரண்டு சொல். இரண்டும் தப்பு.

'கோரஸ்' என்பதன் வேர் எளிது. பழைய கிரேக்க நாடகத்தில் ஆடிப் பாடி வந்த கூட்டத்துக்குக் 'கொரோஸ்' என்று பெயர். அது லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனபோது ஆட்டம் உதிர்ந்து பாட்டு மிஞ்சியது.

நம்மிடம் இருக்கும் 'கோரஸ்' வேறு ஆள். "எல்லாரும் கோரஸாக ஆமாம் போட்டார்கள்" என்கிறோம்: ஒரே சொல், ஒரே நேரம், ஒரே சத்தம். சினிமாப் பாட்டில் நாயகனுக்குப் பின்னால் 'லாலலா' பாடுவதும் கோரஸ்தான். ஆனால் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்த்தோக் 1930களில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் எழுதிய 27 பாடல்கள் இரண்டு, மூன்று குரல் பிரிவுகளுக்கானவை. ஒரு பிரிவு ஏறும்போது இன்னொன்று இறங்கும். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் அண்ணன் நடத்திய பள்ளியின் பிள்ளைகளுக்கு எழுதிய 12 பாடல்களில் பெரும்பாலானவற்றில் எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவார்கள். கடைசிப் பாட்டில் மட்டும் ஒரு பிரிவு தொடங்கிய மெட்டை அடுத்தது சற்றுப் பிந்தி எடுக்கும். இதையெல்லாம் கோரஸ் என்றால் ஆமாம் போடுகிற கூட்டம்தான் மனதில் வரும்.

'மழலை' இன்னும் மோசம். அது வயதின் பெயரல்ல, பேச்சின் பெயர். நாக்குத் திருந்தாத குழந்தையின் குதலை. குழலையும் யாழையும்விட மழலை இனிது என்று வள்ளுவர் சொன்னது பெற்றவர்களை வைத்து. பாட்டு சொல்லிக் கொடுப்பவர் அதை இனிது என்று விடமாட்டார். சொல் தெளியும்வரை அதே வரியைத் திரும்பப் பாட வைப்பார். பாலர் பள்ளிகளுக்கு 'மழலையர் பள்ளி' என்று பெயர் வைத்தோம், அப்புறம் பதினான்கு வயதுவரை எல்லாருமே மழலைகளாகிவிட்டார்கள்.

'குழந்தைப் பாடல்' என்று போடுகிறவர்களும் உண்டு. அது குழந்தைகள் கேட்கிற பாட்டு, 'நிலா நிலா ஓடி வா' வகை. யார் குரலுக்கு எழுதியது என்பதே அதில் காணாமல் போகிறது.

புதுச்சொல் தேடவே வேண்டாம். 'சேர்ந்திசை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இசைதல் என்றால் உடன்படுதலும்தானே? வெவ்வேறு வழியில் போகும் குரல்கள் ஒன்றுக்கொன்று இசைந்து போவது அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. முன்னால் 'சிறார்' சேர்த்தால் போதும். 'சிறுவர்' என்றால் ஆண்பிள்ளைகள் மட்டும் என்று படுகிறது. வியன்னாவின் பழைய சிறுவர் பாடற்குழுவைப்போல ஆண்பிள்ளைகளே பாடும் இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பாடும் கூட்டத்தைக் குறிக்க வேண்டுமானால் சிறார் சேர்ந்திசைக் குழு.