மூன்று பேட்ச் போட்டவருக்கு ரிலீஸ் உரிமையா?

இன்னொரு திறமூல (யாரும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய) மென்பொருள் ப்ராஜெக்டிலும் அதே கதை. புதிதாக வந்த தன்னார்வலர் மூன்று பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பினார், இஷ்யூக்களுக்கு (பிழைப் புகார்களுக்கு) பொறுமையாகப் பதில் சொன்னார். அடுத்த மாதமே ரைட் உரிமை (கோடை நேரடியாக மாற்றும் அனுமதி), அதற்கடுத்து பேக்கேஜ் வெளியிடும் டோக்கன் (ரகசியக் கடவுச்சொல் மாதிரி). ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், "கோட் சுத்தமா இருக்கு, ஆளும் நல்லவராத்தான் தெரியறார்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கோட் சுத்தமாக இருந்தால் அவருக்கு கோட் எழுதத் தெரியும். அவ்வளவுதான். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அம்பலப்படுத்திய, லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் யூட்டில்ஸ் சுருக்கக் கருவியின் பின்கதவு (திருட்டு வழி) எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டுகள்தான் யாருக்கும் நினைவில்லை. ஜியா டான் என்ற பெயரில் அந்த ப்ராஜெக்டுக்கு முதல் பேட்ச் வந்தது 2021 அக்டோபரில். பிறகு வந்தவற்றில் பெரும்பகுதி உருப்படியான வேலை. 2022-ல் முன்பின் தெரியாத சில கணக்குகள் முளைத்து, பேட்ச் தேங்குகிறது, இன்னொருவரைச் சேருங்கள் என்று தனியாளாக உழைத்துக் களைத்திருந்த பராமரிப்பாளரை நச்சரித்தன. 2023-ல் மெர்ஜ் உரிமை, அதாவது பேட்சை மூலக் கோடில் சேர்க்கும் அதிகாரம், ஜியா டான் கையில். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0, மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் விஷம்.

நீண்ட காலம், நல்ல கோட், பணிவான பேச்சு மூன்றுமே அங்கே இருந்தன. நீங்கள் எதையெல்லாம் பார்த்து 'நல்லவர்' என்று முடிவு கட்டுகிறீர்களோ, அதையெல்லாம் பொறுமையுள்ள ஒருவர் திட்டமிட்டுச் சம்பாதித்துவிடலாம். கமிட் (பதிவான கோட் மாற்றம்) எண்ணிக்கை குணச்சான்றிதழ் ஆகாது. நூறு கமிட் என்றாலும் ஆகாது.

சரி, ஆதார் கேட்போம், வீடியோ காலில் முகம் பார்ப்போம் என்று அடுத்த யோசனை வரும். வேண்டாம். ஸ்கேன் அசல் என்றே வைத்துக்கொண்டாலும் ஆளின் உள்நோக்கம் அதில் தெரியாது. ஊரார் ஆவணங்களைப் பத்திரப்படுத்தும் தலைவலிதான் மிஞ்சும். தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் வகையான டெபியன் வேறு வழியில் போகிறது. ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் புதியவரின் ஜிபிஜி சாவியில் (டிஜிட்டல் கையெழுத்துக்கான சாவி) கையெழுத்திட வேண்டும், ஒருவர் பரிந்துரைக்க வேண்டும், விண்ணப்ப மேலாளர் ஒருவர் கொள்கை பற்றியும் வேலைத்திறன் பற்றியும் துருவிக் கேட்பார். அதிலும் இந்தச் சாவி இந்த ஆளுடையது என்பதுதான் உறுதியாகும், அவர் உள்நோக்கம் அல்ல. ஆனால் அங்கே டெபியன் மெயின்டெய்னர் என்று ஓர் இடைப்படி உண்டு: குறிப்பிட்ட சில பேக்கேஜ்களை மட்டும் பதிவேற்றலாம். காப்பியடிக்க வேண்டியது அதைத்தான். (கமிட்டில் தெரியும் ஆசிரியர் பெயரும் மின்னஞ்சலும் கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் கான்ஃபிகில் யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யக்கூடியவை. அதை அடையாளம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

ஆளை எடைபோடுவதைவிட, அவர் எந்த இடத்தைத் தொடுகிறார் என்று பாருங்கள். இதே ஜியா டான் கணக்கு 2021-லேயே லிப்ஆர்கைவ் என்ற இன்னொரு திறமூல ப்ராஜெக்டுக்கு ஒரு பேட்ச் அனுப்பியது. பிழைச் செய்தியைத் தெளிவாக்குவதாக விளக்கம்; உள்ளே சேஃப்_எஃப்பிரிண்ட்எஃப் என்ற பாதுகாப்பான ஃபங்ஷன் போய் வெறும் எஃப்பிரிண்ட்எஃப் உட்கார்ந்திருந்தது. கேள்வியில்லாமல் மெர்ஜ் ஆனது.

எக்ஸ்இசட்டின் சிமேக் கோப்பில் (பில்ட், அதாவது கோடை ஓடும் நிரலாக்கும் வேலைக்கான குறிப்பு) நடந்தது இன்னும் நுணுக்கம். லேண்ட்லாக் என்ற தடுப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன சோதனை நிரலின் நடுவே, தனி வரியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அதனால் அது ஒருநாளும் கம்பைல் ஆகாது. ஆகாவிட்டால் வசதி இல்லை என்று எடுத்துக்கொண்டு பில்ட் சத்தமில்லாமல் மேலே போய்விடும். டிஃபில் (பழைய கோடுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசப் பட்டியல்) அந்தப் புள்ளி திரைத்தூசி மாதிரிதான் தெரியும்.

எனவே புதியவரின் பேட்ச் பில்ட் ஸ்கிரிப்ட், சிஐ (தானியங்கிச் சோதனை, பில்ட்) கோப்பு, லாக்ஃபைல் (சார்பு பேக்கேஜ்களின் பதிப்புப் பட்டியல்), சோதனைக்கான பைனரி (படித்துப் புரியாத) கோப்பு, எச்சரிக்கையை அணைக்கும் வரி ஆகியவற்றில் எதைத் தொட்டாலும் நிறுத்திக் கேளுங்கள்: ஏன்? பைனரி என்றால் எந்த நிரலால் உருவாக்கினீர்கள், அந்த நிரலையும் சேர்த்து அனுப்புங்கள். புதிய சார்பு பேக்கேஜ் (உங்கள் நிரல் நம்பியிருக்கும் வேறொரு நூலகம்) சேர்க்கிறாரா? 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவர் ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற ஒரே ஒரு சார்பைத்தான் சேர்த்தார். அது கோபே பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தது.

இனி செட்டிங்ஸ். ரெப்போ (கோட் களஞ்சியம்) தனிநபர் கணக்கில் இருந்தால் கிட்ஹப் தளத்தில் உரிமையாளர், கொலாபரேட்டர் என்று இரண்டே நிலைதான். கொலாபரேட்டர் ஆனாலே ரைட் உரிமை வந்துவிடும். ஆர்கனைசேஷனுக்கு மாற்றுங்கள், ட்ரியாஜ் நிலை கிடைக்கும்: இஷ்யூவுக்கு லேபிள் போடலாம், மூடலாம், கோடைத் தொட முடியாது. ஆறு மாதம் அங்கே இருக்கட்டும், மற்றவர் பேட்சை ரிவ்யூ செய்யட்டும். தன் பேட்ச் நிராகரிக்கப்பட்டால் எப்படிப் பேசுகிறார் என்பதும் அப்போது தெரியும்.

மெயின் பிராஞ்சுக்கு, அதாவது முதன்மைக் கோட் கிளைக்கு, ரிவ்யூ கட்டாயம். ஒப்புதலுக்குப் பின் புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதல் ரத்தாகும்படி வையுங்கள், இல்லாவிட்டால் நல்லதைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு வேறொன்றைத் தள்ளலாம். இந்த விதி அட்மினுக்கும் பொருந்த வேண்டும். நீங்கள் அட்மின் என்றால் உங்களுக்கும்தான், முகம் சுளிக்காதீர்கள்.

சிஐ ஓட்டத்துக்கு ஒப்புதல் 'முதல்முறை பங்களிப்பவருக்கு மட்டும்' என்று விட்டிருக்கிறீர்களா? ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஓர் எழுத்துப்பிழை திருத்தம் மெர்ஜ் ஆனதும் அவர் பழைய ஆளாகிவிடுவார். அடுத்த புல் ரிக்வெஸ்டில் (பேட்சைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அவர் எழுதியது உங்கள் ஒப்புதல் இல்லாமலே சிஐயில் ஓடும். வெளியாட்கள் அனைவருக்கும் ஒப்புதல் தேவை என்று மாற்றுங்கள்.

ரிலீஸ் டோக்கனை எந்தத் தன்னார்வலர் மடிக்கணினியிலும் வைக்க வேண்டாம். பைதான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில், டோக்கனைக் கையில் வைக்காமலே வெளியிடும் டிரஸ்டட் பப்ளிஷிங் 2023 முதல் இருக்கிறது. சிஐயிலிருந்தே வெளியிடலாம், அதற்கு இரண்டாவது ஆள் ஒப்புதல் தர வேண்டும் என்றும் வைக்கலாம். டார்பால் (மூலக் கோடைக் கட்டிய கோப்பு) வெளியிடுகிறவர்கள், ரெப்போவில் அந்த ரிலீஸுக்கு இட்ட டேகிலிருந்து கிட் ஆர்க்கைவ் எடுத்து இரண்டுக்கும் டிஃப் போடுங்கள். எக்ஸ்இசட் விஷத்தைக் கிளப்பிய எம்4 என்ற வகை பில்ட் கோப்பு டார்பாலில் மட்டும் இருந்தது, ரெப்போவில் இல்லை. ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவிகள் உருவாக்கும் கோப்புகள் எப்படியும் வேறுபடும் என்று நாம் கண்டுகொள்ளாமல் விடும் இடம் அது.

ஒரு வேண்டுகோள்: இதையெல்லாம் படித்துவிட்டு முதல் பேட்ச் அனுப்பும் கல்லூரிப் பிள்ளைகள்மீது பாயாதீர்கள். பேட்ச் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் தந்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பியவர்கள் தொல்லைதான், ஆபத்து அல்லர். விதி எல்லோருக்கும் ஒன்று என்றால் யாரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் (பங்களிப்பு விதிகள் இருக்கும் கோப்பு) எந்த நிலைக்கு எவ்வளவு காலம், யார் ஒப்புதல் என்று எழுதி வைத்துவிடுங்கள். "எப்போ மெர்ஜ் உரிமை தருவீங்க?" என்று யாராவது நெருக்கினால் அந்த வரியைக் காட்டலாம். நெருக்குவது நேற்று உருவான கணக்கு என்றால் பதிலே வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உரிமைப் பட்டியலைத் திறந்து, ஓராண்டாகச் சத்தமில்லாதவர்களின் ரைட் உரிமையை எடுத்துவிடுங்கள். நன்றி சொல்லி, திரும்பி வந்தால் மறுபடி தருகிறோம் என்று எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டோக்கன்களையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.