ஆற்றில் சாக்கடை கலக்கிறதா? மனு எழுதும் முன் இதைப் படியுங்கள்

"ஊரில்தான் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே, அப்புறம் எப்படிச் சாக்கடை ஆற்றுக்கு வரும்?" புகாரோடு போகிறவர்களை இப்படித்தான் மடக்குவார்கள். நிலையம் இருப்பது வேறு, ஓடுவது வேறு. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களின் கழிவு, மழைநீர் வடிகால் வழியே நேராக ஆற்றில் விழும். மின்சாரம் போய், தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம் நெடுநேரம் நின்றால், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சாகும். உள்ளே வந்தது ஏறக்குறைய வந்தபடியே வெளியே போகும்.

சட்டம் சிக்கலானதல்ல. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் நகராட்சியும் ஆற்றில் கழிவுநீர் விட முடியாது.

எங்கே புகார் கொடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் ஓய்ந்துபோகிறார்கள். நகராட்சியில், "கட்டியது குடிநீர் வடிகால் வாரியம், அங்கே போங்க" என்பார்கள். அங்கே, "ஒப்படைச்சு வருஷமாச்சு, இப்ப கான்ட்ராக்டர் நடத்துறார்." ஆறு என்று வாயெடுத்தால் நீர்வளத் துறை. இந்தச் சுற்றுக்கே போகாதீர்கள். இசைவாணை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கறுத்த தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு விவசாயியிடம், "இது எந்த ஆத்துத் தண்ணின்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். கேட்ட விதம் அசிங்கம். ஆனால் சட்டம் அவர் பக்கம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்ச் சட்டத்தின் 21வது பிரிவின்படி எடுக்கும் நீர் மாதிரிக்குத்தான் அந்தச் சட்டத்தில் மதிப்பு. அதனால் மனுவில் "நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதாமல், "இன்ன இடத்தில், 21வது பிரிவின்படி மாதிரி எடுக்கவும்" என்று எழுதுங்கள். தேதி தெரியும் புகைப்படமும் சேருங்கள்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வரவேண்டும். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இசைவாணை நகல், ஓராண்டு ஆய்வக அறிக்கைகள், உள்ளே வந்த, வெளியே போன நீரின் அன்றாடப் பதிவேடு, ஜெனரேட்டர் டீசல் பதிவேடு. மின்வெட்டு நாட்களில் டீசல் செலவே இல்லையென்றால் விஷயம் புரிந்துவிடும். "எங்கள் துறை இல்லை" என்று திருப்பவும் முடியாது. உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

அறிக்கை வந்ததும் பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மலக் கிருமி எண்ணிக்கை இருக்கிறதா பாருங்கள். 2017ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கைப்படி அது 100 மில்லிக்கு 1000க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தக் கட்டமே காலியாக இருந்தால், அதையே அடுத்த புகாராக்குங்கள்.

இனிதான் பெரிய பொறி. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், அதன் சட்டத்தின் 14வது பிரிவில் வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நீங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலத்தைக் கழித்துத் தருவார்கள் என்று நம்பாதீர்கள். "விசாரணையில் உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதில்களை வைத்துக்கொண்டே கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். தவறிவிட்டதா? சரி, அதே சட்டத்தில் 15வது பிரிவு இருக்கிறது. பயிர், கிணறு பாழானதற்கு இழப்பீடும், கெட்ட இடத்தைச் சீரமைக்கவும் கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. இழப்பீடு கேட்டால் கட்டணம் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1000 ரூபாய். கோபத்தில் கோடிக்கணக்கில் எழுதிவிடாதீர்கள். தென்னிந்திய அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். போகும்போது அடங்கல் (நிலத்தின் பயிர் விவரப் பதிவு), கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கை, முத்திரை விழுந்த மனு நகல்கள் கையில் இருக்கட்டும்.